ஒரே வகை இசையை நம்பி ஒரு சிறு பதிவு நிறுவனம் ஐம்பது ஆண்டுகள் எப்படி நிற்கிறது?

அந்தியூர்க்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்தி வருகிறேன். திருமண வாழ்த்துப் பாடல், தேர்தல் காலத்தில் பிரசாரப் பாட்டு, கோயில் நோம்பிக்கு ஆட்டோவில் ஒலிக்கும் அறிவிப்பு ஆகியவற்றால் கூடத்தின் வாடகையும் மின்கட்டணமும் கழிகின்றன. வேலை முடிந்து கதவைச் சாத்திய பிறகு நான் எனக்காகக் கேட்பது சிகாகோ நகரத்து எலெக்ட்ரிக் புளூஸ், அதாவது மின் கிதாரோடு பாடும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. கல்லூரி நாட்களில் கோவை காந்திபுரத்தில் இருந்த ஒரு பாட்டுப் பதிவுக் கடையில் அறுபது நிமிடக் கேசட் ஒன்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்திருந்தேன். பட்டியல் முடிந்த பிறகு மிச்சமிருந்த ஐந்தாறு நிமிட நாடாவை வெறுமையாக விட மனமில்லாத கடைக்காரர், தாமாகவே மடி வாட்டர்ஸ் என்ற புளூஸ் பாடகரின் இரண்டு பாட்டுகளைப் பதிந்து கொடுத்தார். கேட்டு வாங்கிய பாட்டுகள் மறந்துவிட்டன. கேட்காமல் வந்த அந்த இரண்டும் இன்றுவரை என்னோடு இருக்கின்றன.

என் கேள்விக்கு வருகிறேன். சிகாகோவில் டெல்மார்க், அலிகேட்டர் என்று இரண்டு சிறு நிறுவனங்கள் இந்த இசையை வெளியிட்டு வந்திருக்கின்றன. முன்னது 1953இலும் பின்னது 1971இலும் தொடங்கப்பட்டவை. இடையில் ராக் வந்தது, டிஸ்கோ வந்தது, இசைத்தட்டு போய் கேசட் வந்து, கேசட் போய் சிடி வந்து, இப்போது எதையும் கையில் வாங்காமலே கேட்கும் காலமும் வந்துவிட்டது. பழைய பாணி புளூஸை விரும்பி வாங்குவோர் பெருங்கூட்டமாக இல்லாதபோது, இந்த நிறுவனங்கள் எதைச் செய்து பிழைத்தன?

கேட்பதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. கொங்கு நாட்டு நாட்டார் கதையான அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும் பெரியவர் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நல்லெண்ணம் கொண்ட சிலர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவரை வேறொரு ஊரின் பெரிய கூடத்துக்கு அழைத்துச் சென்று பாட வைத்தார்கள். காதில் ஹெட்போனை மாட்டி, அதில் டிக் டிக் என்று தாளக் கணக்கை ஓட்டி, பாடியதை ஐந்து ஐந்து நிமிடமாக நறுக்கி, அடியில் கீபோர்டையும் நிரப்பிக் கொடுத்தார்கள். அதை முழுவதும் கேட்டு முடித்த பெரியவர், "பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது, பாடுனது யாருங்க?" என்றார். அவரை ஒழுங்காகப் பதிவுசெய்து வெளியிட வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு முன், இந்தத் தொழிலில் நின்று காட்டியவர்களின் வழியைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒண்டிப்புதூர் மில்காரர் எழுதியது:

வணக்கம் தம்பி. நூற்பாலையில் முப்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். மகள் சிகாகோ அருகே இருப்பதால் சில முறை அங்கு போய் வந்திருக்கிறேன். பஞ்சில் உழன்றவன் என்பதால் இந்தக் கதையைப் பஞ்சிலிருந்துதான் என்னால் தொடங்க முடியும்.

மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திக் காடுகளில் கூலி வேலை செய்த கறுப்பின மக்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கூட்டம் கூட்டமாக ரயிலேறி வடக்கே வரத் தொடங்கிவிட்டார்கள். 1944இல் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில், நடவு முதல் அறுவடை வரை முழுவதையும் இயந்திரத்தைக் கொண்டே செய்து ஒரு பருத்தி வெள்ளாமையை எடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகு பஞ்செடுக்கும் கைகளுக்கு ஊரில் வேலை குறைந்துகொண்டே போயிற்று. மடி வாட்டர்ஸ் அந்தப் பகுதியின் ஸ்டோவல் பண்ணையில் வேலை பார்த்தவர். 1941இல் நாட்டார் பாடல்களைச் சேகரித்துவந்த ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அங்கு வந்து அவர் பாட்டைப் பதிவுசெய்தார். 1943இல் அவர் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். சாராயக் கடைகளின் கூச்சலில் மரக் கிதாரின் ஒலி மேசையைத் தாண்டாது என்பதால் மின் கிதாருக்கு மாறினார். எலெக்ட்ரிக் புளூஸ் இப்படி வசதிக்குறைவிலிருந்து பிறந்த ஒன்று. எவரும் உட்கார்ந்து திட்டமிட்ட புதுமை இல்லை.

சிகாகோவின் செஸ் என்ற பதிவு நிறுவனம் 1950களில் இந்த இசையில் நன்றாகச் சம்பாதித்தது. பிறகு இளைஞர்களின் செவி வேறு பக்கம் திரும்பிற்று. 1969இல் நிறுவனமே கைமாறியது. சந்தை போன பிறகும் பாடகர்கள் அங்கேயே, அதே கடைகளில், வாரந்தோறும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கேட்ட இரண்டு நிறுவனங்களும் நின்ற இடம் இதுதான்.

டெல்மார்க்கைத் தொடங்கிய பாப் கோஸ்டர் அடிப்படையில் இசைத்தட்டு வியாபாரி. செயின்ட் லூயிஸில் மாணவராக இருந்தபோது தொடங்கியவர், 1958இல் சிகாகோவுக்கு வந்து கடை வைத்தார். பின்னாளில் ஜாஸ் ரெக்கார்டு மார்ட் என்று உலகெங்கும் பேர்பெற்ற கடை அது. பதிவு நிறுவனத்துக்கு அந்தக் கடைதான் முட்டுக்கட்டையாக நின்றது; இங்கே நான் முட்டு என்பது சுவருக்குக் கொடுக்கும் முட்டு. கடையில் மற்றவர்களின் தட்டுகளை விற்ற பணம் தன்னுடைய தட்டுகளுக்கு முதலாயிற்று. பாடகர் பிக் ஜோ வில்லியம்ஸ் அந்தக் கடையின் நிலவறையில் தங்கியிருந்தார் என்றால், கடைக்கும் கலைஞருக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்தவற்றுள் என்னை மிகவும் கவர்வது 1965 செப்டம்பரில் ஜூனியர் வெல்ஸ் என்ற பாடகரை வைத்து எடுத்த 'ஹூடூ மேன் புளூஸ்' என்ற இசைத்தட்டு. அதுவரை புளூஸ் என்றால் பெரும்பாலும் ஜூக்பாக்ஸுக்கான, அதாவது கடைகளில் காசு போட்டால் பாடும் பெட்டிக்கான, மூன்று நிமிடத் தட்டு. கோஸ்டர் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, வெல்ஸ் தமக்குப் பிடித்த குழுவோடு, மதுக்கடையில் இரவு வாசிப்பதைப் போலவே முழுத் தட்டுக்கும் வாசிக்கட்டும் என்றார். பதிவின் நடுவே கிதார் வாசித்த பட்டி கை என்ற கலைஞரின் ஆம்ப்ளிஃபையர் பழுதாகிவிட்டது. வேலையை நிறுத்தாமல், அங்கே கிடந்த ஆர்கனின் சுழலும் ஸ்பீக்கரில் கிதாரைச் செருகினார்கள். சில பாட்டுகளில் கிதார் தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப் போலக் கேட்கும். காரணம் அந்தப் பழுது. பட்டி கை அப்போது செஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததாகக் கருதி, உறையில் அவர் பெயரைப் போடாமல் 'ஃப்ரெண்ட்லி சாப்' (நட்பான ஆள்) என்று போட்டார்கள். இப்படிக் கோணலும் மாணலுமாகப் பிறந்த அந்தத் தட்டுதான் டெல்மார்க்கின் வரலாற்றில் அதிகம் விற்றது. வெளிவந்த ஆண்டிலேயே விற்றுத் தீர்ந்து மறைந்துபோன வெற்றி அன்று அது. பல பத்தாண்டுகளாகச் சிறுகச் சிறுக விற்றுக்கொண்டே இருக்கும் வெற்றி. தென்னைக்கும் கரும்புக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

அலிகேட்டரைத் தொடங்கிய புரூஸ் இக்லாவர், டெல்மார்க்கில் பார்சல் கட்டும் எழுத்தராக இருந்தவர். நகரின் தென்பகுதியில் ஃப்ளோரன்ஸ் என்ற மதுக்கடையில் ஞாயிறு பிற்பகல்களில் வாசித்த ஹவுண்ட் டாக் டெய்லரைப் பதிவுசெய்யும்படி முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார். அது நடக்கவில்லை என்றதும், தமக்கு வந்திருந்த 2,500 டாலர் பரம்பரைச் சொத்தைப் போட்டுத் தாமே பதிவுசெய்து, ஆயிரம் தட்டுகள் அச்சடித்தார். இரண்டு கிதார், ஒரு டிரம் செட், அவ்வளவுதான். பேஸ் கிதார்கூடக் கிடையாது. டெய்லர் வாசித்தது விலை குறைந்த ஜப்பானியக் கிதார். இக்லாவர் தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வானொலி நிலையம் நிலையமாகச் சுற்றினார். கச்சேரிகளையும் அவரே பிடித்துக் கொடுத்தார். பாடகருக்கு வேலை இருந்தால் தட்டு விற்கும், தட்டு ஒலித்தால் பாடகருக்கு வேலை வரும் என்று இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டார். உங்கள் கேள்விக்கு என்னுடைய விடை ஏறக்குறைய இதில் அடங்கிவிடுகிறது.

ஜாஸ் ரெக்கார்டு மார்ட்டுக்கு 2014இல் ஒருமுறை போனேன். கோஸ்டரைப் பார்த்துவிடலாம் என்ற ஆசை இருந்தது. அன்று அவர் கடையில் இல்லை. 2016இல் கடையை மூடிவிட்டார்கள். 2018இல் டெல்மார்க்கை இசைக்கலைஞர்கள் இருவர் வாங்கினார்கள். 2021இல் கோஸ்டர் காலமானார்.

வால்வு ரேடியோ எழுதியது:

மில்கார ஐயா வரலாற்றைச் சொல்லிவிட்டார். நான் ஒலியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எங்கள் ஐயன் கோபிச்செட்டிபாளையத்தில் மைக் செட் வைத்திருந்தவர். சாமான்களோடு வளர்ந்தவன் நான்.

எலெக்ட்ரிக் புளூஸின் ஒலி, பொறியாளர்கள் தவறு என்று சொல்லும் ஒன்றை அழகாக்கிக்கொண்ட ஒலி. வால்வு ஆம்ப்ளிஃபையரை அதன் திறனுக்கு மேல் முடுக்கினால் ஒலி சட்டென்று உடையாது; மெல்ல மெல்லக் கரகரத்து, ஓரங்கள் தடித்து, தொண்டை கட்டிய மனிதக் குரலைப் போல ஆகும். லிட்டில் வால்டர் என்ற மவுத் ஆர்கன் கலைஞர் மலிவான மைக் ஒன்றையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டு, அதை ஆம்ப்ளிஃபையரில் செருகி ஊதினார். கைகளே ஒரு சிறிய கூடாகி, அதிலிருந்து சாக்ஸஃபோனைப் போன்ற கனத்த ஒலி வந்தது. 1952இல் அப்படி ஊதிய 'ஜூக்' என்ற பாட்டில்லாத இசை, ரிதம் அண்ட் புளூஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. எங்கள் ஐயன் நோம்பியில் பாடுகிறவர்களிடம், "மைக்கைக் கையில பொத்தாதீங்க, ஊளையிடும்" என்று கத்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. லிட்டில் வால்டர் எங்கள் ஊருக்கு வந்திருந்தால் ஐயனிடம் திட்டு வாங்கியிருப்பார்.

இந்த நிறுவனங்களின் நல்ல பதிவுகளை உற்றுக் கேட்டால் ஒன்று புலப்படும். எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். டிரம்மின் ஒலி பாடகரின் மைக்கிலும் கசிகிறது. கிதாரின் ஒலி டிரம்மின் மைக்கில் கசிகிறது. இந்தக் கசிவுதான் கேட்பவருக்கு அறையைக் காட்டுகிறது. தாளம் முன்பின்னாக நகர்கிறது. பாடகர் மூச்சு வாங்கினால் டிரம்காரர் ஒரு மயிரிழை காத்திருக்கிறார். டிக் டிக் கணக்கில் இதற்கு இடமில்லை. உங்கள் பெரியவர் பாடுனது யாருங்க என்று கேட்டதற்குக் காரணம் கீபோர்டு மட்டும் அன்று என்று நினைக்கிறேன். அவருடைய காத்திருப்புகளை எல்லாம் அந்தக் கூடத்தில் நறுக்கி எறிந்துவிட்டார்கள்.

உடுக்கையைப் பதிவுசெய்யும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். இடைக் கயிற்றை அழுத்தும்போது சுருதி ஏறுவதோடு ஒலியின் அளவும் குதிக்கும். மைக்கைத் தோலுக்கு ஒட்டி வைத்தால் அந்தக் குதிப்பு வெடிப்பாகப் பதிவாகும். இரண்டு முழம் தள்ளி, வாய்க்கும் உடுக்கைக்கும் நடுவே ஒரு மைக்கும், அறையின் மூலையில் இன்னொன்றும் போதும். மழை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். கூடத்துக்குள் அனல் காட்ட முடியாது. ஓட்டு வீட்டுத் திண்ணையோ களத்துமேட்டுச் சாளையோ கிடைத்தால் உங்கள் கூடத்தைவிட அதுவே நல்ல கூடம். விசைத்தறிச் சத்தம் இல்லாத நேரமாகப் பாருங்கள். நம் பக்கத்தில் அதுதான் கஷ்டம்.

பொள்ளாச்சி கேட்பவன் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. இந்த நிறுவனங்கள் புளூஸை உயிரோடு வைத்திருக்கின்றனவா, பாடம்பண்ணி வைத்திருக்கின்றனவா என்ற ஐயம் எனக்கு உண்டு. புதிதாக வரும் தட்டுகள் பலவற்றைக் கேட்கும்போது, ஐம்பதுகளின் வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு நடப்பதைப் போல இருக்கிறது. மும்பையில் 2011இல் தொடங்கிய மகிந்திரா புளூஸ் விழாவின் முதல் ஆண்டில் பட்டி கை வாசித்தார். அவர் பழைய பாட்டைக்கூட அன்று காலையில் எழுந்து எழுதியதைப் போல உடைத்து வாசிப்பவர். பழைய பாணியைக் காப்பது என்றால் அந்தத் துணிச்சலையும் சேர்த்துக் காக்க வேண்டாமா? பெரியவரைப் பதிவுசெய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

காங்கயம் வாசகி எழுதியது:

பொள்ளாச்சி அண்ணாவின் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1967இல் டெல்மார்க் எடுத்த மேஜிக் சாமின் 'வெஸ்ட் சைடு சோல்' என்ற தட்டைக் கேட்டுவிட்டு அந்தக் கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்கள். பழைய புளூஸ் வடிவத்துக்குள் அன்றைய சோல் இசையின் பாடும் முறையை அவர் கொண்டுவந்தார். பதிவு நிறுவனம் தடுக்கவில்லை. அவர் 32 வயதில், 1969இல் இறந்துபோனார். அந்தச் சில ஆண்டுகளுக்குள் ஒருவர் பதிவுசெய்யாமல் விட்டிருந்தால் நாம் விவாதிக்கவே ஒன்றும் இருந்திருக்காது.

நான் வழக்கறிஞர் என்பதால், இங்கு எவரும் தொடாத இடத்தைத் தொடுகிறேன். பணம் யாருக்குப் போயிற்று? இந்த நிறுவனங்களின் உரிமையாளர்கள் வெள்ளையர்கள், பாடியவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். நேர்மையானவர்களும் இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நேர்மையை உரிமையாளரின் குணத்தை நம்பி விட்டுவிடக் கூடாது. செஸ் சகோதரர்கள் பங்குதாரர்களாக இருந்த ஆர்க் என்ற பாடல் உரிமை நிறுவனத்தின் மீது மடி வாட்டர்ஸும் வில்லி டிக்சனும் 1970களில் வழக்குத் தொடுத்துத்தான் தங்கள் பாடல்களின் வருமானத்தைக் கேட்க வேண்டியிருந்தது. டிக்சன் எத்தனையோ பேருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். அவருக்கே அந்த நிலை.

ஆகவே அந்தியூர் அண்ணா, பதிவுக்கு முன் ஒரு பக்கத்துக்கு மிகாத ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, பெரியவருக்கு வாசித்துக் காட்டி, அவருடைய மகனையோ மகளையோ அருகில் வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள். நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, நிகழ்த்துகலைஞரின் பாட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் அவருக்கு ராயல்டியில் உரிமை உண்டு. ஒலிப்பதிவின் மீதான உங்கள் உரிமை, வெளியிட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். கதை ஊருக்குப் பொதுவானது. அதற்கு நீங்கள் உரிமை கொண்டாட முடியாது. அவர் அன்று பாடிய பாட்டு அவருடையது, அதைப் பிடித்த பதிவு உங்களுடையது என்ற பிரிவு ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும். எத்தனை பிரதி விற்றது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் தருவேன் என்ற வரியையும் சேருங்கள். நல்ல உறவுகள் கெடுவது பெரும்பாலும் அந்த ஒரு வரி இல்லாமல்தான்.

இன்னொரு செய்தி. ஜூனியர் வெல்ஸின் தட்டு எடுக்கப்பட்ட அதே 1965இல், எங்கள் காங்கயம் பக்கத்தில் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் டேப் ரெக்கார்டரோடு வந்து, அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் தொடர்ந்து பாடச் சொல்லிப் பதிவுசெய்தார். ஆய்வுக்கு அது பெரும் செல்வமாயிற்று. ஆனால் லோமாக்ஸின் நாடாவைப் போலவே அதுவும் கல்விக்கான பதிவு. உள்ளூர்க்காரர் கடையில் காசு கொடுத்து வாங்கிக் கேட்கவில்லை. சிகாகோவில் நூலகத்துக்கான பதிவுக்குப் பின்னால் கடைக்கான பதிவும் வந்தது. நம் பக்கத்தில் இரண்டாவது வரவே இல்லை என்று சொல்வது மிகை. நோம்பிக் கேசட்டுகள் வந்தன. உழைத்து எடுத்து, நெடுங்காலம் கடையில் கிடைக்கும்படி வைத்திருந்த பதிவு என்றால், எனக்குத் தெரிந்து அரிது.

விற்பனைக்கு இணையத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் புளூஸ்காரர்கள் இன்றும் மேடையை விட்டு இறங்கியதும் மேசை போட்டுத் தங்கள் தட்டுகளைத் தாங்களே விற்கிறார்கள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி ஓட்டுநர்களுக்குப் பென்டிரைவில் பாட்டு ஏற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. நெடுந்தூர இரவுப் பயணத்தில் மணிக்கணக்காக ஓடும் கதைப் பாட்டைக் கேட்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

அந்தியூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பதில்களைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை, ஒவ்வொரு வரியையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். கூடத்தில் வேண்டாம், உங்கள் திண்ணையிலேயே பதியலாம் என்றபோது பெரியவர் ஒப்புக்கொண்டார். கீபோர்டு கிடையாது என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. நாற்பது ஆண்டுகளாக அவருக்குப் பின்பாட்டுப் பாடியவர் அவருடைய மச்சான். சென்ற முறை கூடத்துக்கு அவரை அழைக்கவில்லை. அவருடைய பங்கையும் இவரையே இன்னொரு தடவையாகப் பாடச் சொல்லி மேலே ஒட்டிவிட்டார்களாம். "அவன் இல்லீன்னா நான் எங்க நிறுத்தறதுன்னே தெரியாதுங்க" என்றார். அந்த மச்சான் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரவுக் காவலராக இருக்கிறார். அடுத்த மாதம் மூன்று இரவுகளுக்கு அவருடைய வேலைக்கு மாற்று ஆள் பிடித்து, அந்தக் கூலியையும் செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறேன். வால்வு ரேடியோ அண்ணா, உங்களிடம் பழைய மைக் ஏதேனும் சும்மா கிடந்தால் அந்த மூன்று நாட்களுக்கு இரவலாகத் தர முடியுமா?

வால்வு ரேடியோ எழுதியது:

இரண்டு இருக்கின்றன. ஒன்றில் ஐயன் காலத்துக் குங்குமப்பொட்டு இன்னும் இருக்கிறது, துடைத்துவிடாதீர்கள். ஆளை அனுப்ப வேண்டாம், நானே கொண்டுவருகிறேன்.